கண்ணை மூடிக்கொண்டு முடித்த பயிற்சி: கட்டுமானத் தளத்தில் ஒரு மெய்நிகர் வடிவமைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் நடுத்தர ஒப்பந்த நிறுவனம் ஒன்று, உயரத்தில் வேலை செய்யும் ஊழியர்களுக்கு மெய்நிகர் (VR) பயிற்சி ஒன்று, அதாவது தலையில் ஹெட்செட் மாட்டி முப்பரிமாணக் காட்சிக்குள் நின்று பழகும் பயிற்சி, செய்து தரும்படி எங்களைக் கேட்டது. எங்கள் குழு சிறியது. நிரல் எழுத ஒருவர், முப்பரிமாணக் காட்சிகளுக்கு ஒருவர், பயனர் அனுபவத்துக்கு நான். கூடவே பகுதி நேரமாக ஒரு பயிற்றுநரைச் சேர்த்துக்கொண்டோம். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து பல வருடம் சாரத்தின் மேல் நின்றவர், இப்போது பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். இந்த ஆய்வில் உள்ள முக்கியமான தகவல்கள் அவர் வழியாகவே எங்களுக்கு வந்தன.

வேலை வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 2022ல் சிங்கப்பூரில் வேலையிட விபத்துகளில் 46 பேர் இறந்தார்கள். மனிதவள அமைச்சு அந்த ஆண்டு செப்டம்பர் முதல் 2023 மே வரை கூடுதல் பாதுகாப்புக் காலத்தை அறிவித்தது. 2023ல் இறந்தவர்கள் 36 பேர். உயரத்திலிருந்து விழுவது ஒவ்வொரு ஆண்டும் மரணத்துக்கான பெரிய காரணங்களில் ஒன்று. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட், உடலில் கட்டும் பாதுகாப்பு பெல்ட், வேலைக்கு முன் காலையில் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்று எல்லாம் தளத்தில் இருந்தன. ஆனாலும் பெல்ட்டுக் கயிற்றின் ஹூக்கை உறுதியான இடத்தில் மாட்டாமல் நகர்வது நிற்கவில்லை என்று நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளர் கவலைப்பட்டார். அவருடைய அக்கறை உண்மையானது. பின்னால் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தபோதும் நான் அதைச் சந்தேகிக்கவில்லை.

பயிற்சி பெறுபவர்களில் பெரும்பாலோர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வயது இருபதுகளிலிருந்து நாற்பதுகள் வரை. கொஞ்சம் பேர் வங்காளதேசத்தவர். தமிழ் வடிவத்தை முதலில் முடித்துவிட்டு வங்காள மொழிக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டோம்.

முதல் வடிவம்

கணினி இல்லாமல் தனியாக இயங்கும் குவெஸ்ட் 2 ஹெட்செட்டை எடுத்தோம். தளத்தில் உள்ள கன்டெய்னர் அறைக்குள் வயர் இழுக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம்.

காட்சி இப்படிப் போகும். ஊழியர் தளத்து லிஃப்டில் பதினான்காம் மாடிக்கு ஏறுவார். சுவர் இன்னும் எழும்பாத விளிம்பு ஓரமாக நடப்பார். இரண்டு ஹூக் உள்ள பெல்ட்டில் ஒன்றைக் கழற்றுவதற்கு முன் மற்றொன்றை மாட்ட வேண்டும், அதாவது எந்த நொடியிலும் ஒரு ஹூக்காவது மாட்டியிருக்க வேண்டும். நடப்பதற்குக் கைக்கருவியில் உள்ள சிறு குச்சியை முன்னால் தள்ளினால் போதும். மாட்ட வேண்டிய இடம் வந்ததும் கைக்கருவி அதிரும், ஒரு மணி ஒலிக்கும், பட்டனை அமுக்கினால் ஹூக் மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் நகர்ந்தால் அவரே கீழே விழுவார். தரை நெருங்கும்போது திரை கறுக்கும்.

விழும் காட்சியை மேலாளர்தான் வலியுறுத்தினார். ஒரு தடவை விழுந்து பார்த்தால் அப்புறம் மறக்காது என்பது அவர் வாதம். மோதும் சத்தமும் ரத்தமும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டோம். முழுப் பயிற்சியும் பன்னிரண்டு நிமிடம்.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் அப்போதே வந்தது. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளின் எழுத்துப் பகுதிக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாது. ‘ெ’, ‘ே’, ‘ை’ மூன்றும் மெய்க்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றன. எழுத்துகளின் வரிசையை மாற்றிப் பார்த்தோம், ‘கொ’வைச் சரி செய்தால் வேறொன்று உடைந்தது. கடைசியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் படமாகவே தயாரித்து உள்ளே வைத்தோம். தமிழில் மெய்நிகர் காட்சி செய்ய நினைப்பவர்கள் இதற்கென்று முதலிலேயே நேரம் ஒதுக்கி வையுங்கள்.

முதல் சோதனையில் கண்டது

ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பத்துப் பேர் அளவில் ஒரு குழுவை மேற்பார்வையாளர் கன்டெய்னருக்கு அழைத்து வந்தார். அவரும் உள்ளேயே நின்றார்.

சில குறைகள் உடனே தெரிந்தன. ஏசி அறையில் வைத்திருந்த ஹெட்செட்டின் லென்ஸ் குளிர்ந்திருந்தது. வெயிலிலிருந்து வியர்வையோடு வந்தவரின் முகத்தில் வைத்ததும் ஆவி படிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிய ஈரத் தலையில் அரைக்கிலோ எடையுள்ள கருவி வழுக்கியது. காட்சியில் எழுதியிருந்ததைப் பலர் படிக்கவில்லை. ‘க்’கின் புள்ளி தெரிகிறதா என்று நாங்களே மாட்டிப் பார்த்தோம், தெரியவில்லை. அந்த ஹெட்செட்டில் பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 20 திரைப் புள்ளிகள்தான் (பிக்சல்) வருகின்றன. நல்ல கண்பார்வைக்கு ஈடாக வேண்டுமானால் 60 வேண்டும். கோடும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்து இந்த இடைவெளியில் ஆங்கிலத்தைவிட அதிகமாக அடிபடுகிறது.

இதெல்லாம் சரி செய்யக்கூடியவை. என்னைத் தொந்தரவு செய்தது வேறு. முடித்தவர்கள் எல்லோரும் “நல்லா இருக்கு சார்” என்றார்கள். ஐந்து முகப் படங்கள் போட்ட தாளில் எல்லோரும் சிரிக்கும் முகத்தையே வட்டமிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஹூக்கைச் சரியாக மாட்டியிருந்தார்கள். மேற்பார்வையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று கருவி பதிந்த தகவலைப் பார்த்தால், லிஃப்ட் கிளம்பியதிலிருந்து பலருடைய தலை அசையவே இல்லை. பதினான்காம் மாடி விளிம்பில் நிற்கும் ஒருவர் கீழே பார்க்காமல், பக்கத்தில் பார்க்காமல், இரண்டு ஹூக்கையும் பிழையில்லாமல் மாட்டுவது எப்படி?

இரண்டு பேரை நான் நேரில் கவனித்திருந்தேன். ஒருவர் இடது கையால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி முடித்தார், பிறகு கன்டெய்னருக்குப் பின்புறம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர், விழும் காட்சி வந்ததும் ஹெட்செட்டைப் பிடுங்கிக் கழற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அவர் கை நடுங்கியது. அத்துடன் அன்றைய சோதனையை நிறுத்தினோம்.

அறைக்கு வெளியே கேட்டது

பயிற்றுநர் தேநீர் வாங்கிக்கொண்டு அவர்களிடம் தனியாகப் போனார். நானோ மேற்பார்வையாளரோ கூட இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர் சொன்னதை அவர் அப்படியே என்னிடம் சொன்னார்: “லிஃப்ட் ஏறுனதும் வயித்தப் பெரட்டிருச்சுண்ணே, கண்ண மூடிட்டேன். கையில நடுங்குனா பட்டன அமுக்கணும், அவ்வளவுதான். முன்னாடி முடிச்சவங்க சொல்லிட்டாங்க.”

அப்புறம் ஏன் நன்றாக இருக்கிறது என்றாய் என்று கேட்டிருக்கிறார். “தலை சுத்துதுன்னு சொன்னா மேல ஏத்த மாட்டாங்கண்ணே. ஓடி (ஓவர்டைம்) போயிரும்.”

இந்த இரண்டு பதிலும் எங்கள் வடிவமைப்பின் மீதான விமர்சனம்தான். எங்கே மாட்ட வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. அந்த விடையை அதிர்வின் மூலம் நாங்களே கையில் கொடுத்திருந்தோம். தவறான குழாய் அருகே போனால் கருவி அதிராது, அதனால் யாரும் தவறு செய்ய வழியில்லை. அதைவிடப் பெரியது இரண்டாவது பதில். கன்டெய்னரில் நாங்கள் வாங்கிய ஒவ்வொரு ‘நல்லா இருக்கு’ம், கூடுதல் நேர வேலையை இழக்கக் கூடாது என்ற கணக்கில் வந்தது. ஊரில் கடன் வாங்கி முகவருக்குக் கட்டிவிட்டு வந்தவர், சம்பளத்தை முடிவு செய்பவர் பக்கத்தில் நிற்கும்போது, எனக்குக் குமட்டுகிறது என்று சொல்வார் என எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. மெய்நிகர் வடிவமைப்புப் பாடங்களில் பயனரிடம் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். யார் முன்னால் கேட்பது என்பதற்கும் அதே இடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளியே போனவரிடம் பயிற்றுநர் மாலைவரை உட்கார்ந்திருந்தார். முன்பு வேறொரு தளத்தில் தன் அறையிலேயே தங்கியிருந்த ஒருவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதற்கு மேல் விவரம் இங்கே வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை தரும் அமைப்பு ஒன்றின் தொலைபேசி எண்ணைப் பயிற்றுநர் கொடுத்தார். சில நாள் கழித்து அவர் பேசியதாகத் தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் விழும் காட்சியை எடுத்தோம். மேலாளருடன் நீண்ட பேச்சு நடந்தது. பயம்தான் நினைவில் நிற்கும் என்றார். நாங்கள் சொன்னது: பயம் நிற்கலாம், ஆனால் பயந்தவர் கற்றுக்கொண்டது கண்ணை மூடுவதை. உயரத்தில் வேலை செய்பவரிடம் நமக்குத் தேவை திறந்த கண். அதோடு, பயிற்சிக்கு வருபவர்களில் யார் எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

கடைசியில் பயிற்றுநர் ஒரு வழி சொன்னார். பாதுகாப்பு வகுப்புகளில் மணல் மூட்டைக்குப் பெல்ட் கட்டிக் கீழே போட்டுக் காட்டுவார்கள். அதையே காட்சிக்குள் கொண்டுவந்தோம். ஊழியர் பாதுகாப்பான இடத்தில் நிற்பார். அவர் எந்த இடத்தில் ஹூக்கை மாட்டினாரோ அதே இடத்தில் மாட்டப்பட்ட மூட்டை விழும். தலைக்கு மேலே உறுதியான இடத்தில் மாட்டியிருந்தால் மூட்டை கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். காலடியில் மாட்டியிருந்தால் 2 மீட்டர் கயிற்றோடு பெல்ட் வளையத்தின் உயரமும் சேர்ந்து விழும். கயிற்றோடு இணைந்த அதிர்ச்சி தாங்கி விரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை இறங்கும். இரண்டாம் மாடியில், அதாவது தரைத்தளத்துக்கு அடுத்த மாடியில், அப்படி மாட்டினால், ஹூக் பிடித்திருந்தும் மூட்டை தரையில் மோதும். இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். மெய்நிகர் காட்சி உண்மையில் உதவுவது இங்கேதான்.

இரண்டாவது, நகர்வது. கண் ‘நான் போகிறேன்’ என்கிறது, உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு ‘நிற்கிறேன்’ என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்பது 1970களிலிருந்து பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஓடும் லாரியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் தலை சுற்றுமே, அதன் மறுபக்கம் இது. எனவே குச்சியைத் தள்ளி நடப்பதை முழுவதும் நீக்கினோம். லிஃப்ட் பயணமும் போனது. திரை மங்கித் தெளிந்தால் மேலே இருப்பார். அதற்குப் பிறகு தன் காலாலேயே நடக்க வேண்டும். அறையில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் ஒதுக்கினோம், காட்சியின் மேடையும் அதே அளவு. கைப்பிடிக் குழாய் எங்கே தெரிகிறதோ அங்கே அறையிலும் ஒரு நிஜக் குழாயை நிறுத்தினோம். கண்ணுக்குத் தெரிவது கைக்கும் தட்டுப்பட்டதும் பலருடைய உடல் இறுக்கம் தளர்ந்தது. இதை நான் இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தோம்.

மூன்றாவது, அதிர்வும் மணியும் எடுத்துக்கொடுப்பதை நிறுத்தினோம். நல்ல இடம், தண்ணீர்க் குழாய், தளர்ந்த சாரக் குழாய் எல்லாமே ஹூக்கை ஏற்றுக்கொள்ளும். எது சரி என்பதை மூட்டை சொல்லும்.

ஹூக் மாட்டும் கை வேலையை மெய்நிகரில் கற்பிக்கும் எண்ணத்தையும் கைவிட்டோம். கையசைவைக் கேமராவால் தொடரும் வசதி கருவியில் உண்டு. கையுறை போட்ட விரலை அது நம்பகமாகப் பிடிக்கவில்லை. பட்டனை அமுக்குவதற்கும், கையுறையோடு ஸ்பிரிங் ஹூக்கைத் திறந்து மாட்டிப் பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே ‘எங்கே மாட்டுவது’ ஹெட்செட்டில், ‘எப்படி மாட்டுவது’ முற்றத்தில் தரையோடு அமைத்த நிஜச் சாரத்தில், என்று பிரித்தோம்.

எழுத்தைக் குறைத்துக் குரலைக் கூட்டினோம். செய்தி வாசிப்பது போன்ற முதல் குரலை விட்டுவிட்டுப் பயிற்றுநரே பேசினார். “ஒரு ஹூக்க மாட்டு. இழுத்துப் பாரு. இப்ப அடுத்தத கழட்டு.” இருக்கிற கொஞ்ச எழுத்தும் 2 மீட்டர் தூரத்தில், 7 சென்டிமீட்டர் உயரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தலையோடு சேர்ந்து ஓடாமல் இடத்தில் நிற்கும்படி வைத்தோம்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது நிறுத்தும் உரிமை. காட்சி தொடங்குமுன் பயிற்றுநரின் குரல் ஒன்றைச் சொல்லும்: இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் உயரம் மறைந்து வெறும் சாம்பல் தரை வரும், காரணம் கேட்க மாட்டோம். அதை ஒவ்வொருவரும் ஒரு தடவை செய்து பார்த்த பிறகே மேலே போவார்கள். செய்து பழகாத வழியைத் தவிக்கும் நேரத்தில் யாரும் தேட மாட்டார்கள். மேற்பார்வையாளர் அறைக்குள் வருவதில்லை என்றும், யார் நிறுத்தினார் என்ற பதிவு நிறுவனத்துக்குப் போகாது என்றும் எழுத்தில் வாங்கினோம். தலையசைவுப் பதிவும் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவல். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் பேசியது இங்கே உதவியது. நிறுவனத்துக்கு மதிப்பெண் பட்டியல் வேண்டியிருந்தது. ‘பயிற்சிக்கு வந்தார்’ என்ற பதிவு மட்டும் போதும் என்பதில் கடைசியில் உடன்பட்டார்கள்.

முகப் படத் தாளையும் மாற்றினோம். 1993லிருந்து பயன்பாட்டில் இருக்கும், 16 அறிகுறிகளை 0 முதல் 3 வரை குறிக்கும் குமட்டல் கேள்வித்தாளிலிருந்து தேவையானதை எடுத்துப் பேச்சுத் தமிழில் பயிற்றுநர் கேட்டார். தலை பாரமா, வயிற்றைப் பிரட்டுதா, கண் எரியுதா என்று, மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும். முன்னால் கேட்காவிட்டால், தூங்காமல் வந்தவரின் தலைவலியையும் நம் காட்சியின் கணக்கில் எழுதிவிடுவோம். பயிற்சியைக் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்குக்குப் பிறகு வைத்தோம். முடித்தவர்கள் அரை மணி நேரம் தரையில்தான் வேலை செய்ய வேண்டும். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் உடலின் சமநிலை தடுமாறலாம், அப்படி ஒருவரைச் சாரத்தில் ஏற்றுவது ஆபத்து.

பின் விளைவு

இரண்டாவது சோதனையில் தலையசைவுப் பதிவு வேறு மாதிரி இருந்தது. மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், குனிந்து குழாயை நோட்டமிட்டார்கள். தவறான இடத்தில் மாட்டியவர்களும் கணிசமாக இருந்தார்கள். முதல் சோதனையின் ‘எல்லோரும் சரி’யைவிட இது எங்களுக்குப் பயன்பட்டது. காலடியில் மாட்டும் பழக்கம் பரவலாக இருப்பதை நிறுவனம் அன்றுதான் உணர்ந்தது. சில மாடிகளில் தலைக்கு மேல் மாட்டுவதற்கு இடமே இல்லை என்று ஊழியர்கள் சொன்னார்கள். தேவையான இடங்களில் ஹூக்கை மாட்டுவதற்கான உயிர்க்கயிறு கட்ட மேலாளர் ஏற்பாடு செய்தார். ஊழியர்கள் மேலேயே மாட்ட வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டு மேலே ஒன்றும் வைக்காமல் விட்டால் அந்தப் பயிற்சிக்கு என்ன பொருள்?

இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். ஒருவர் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி மாட்டி முடித்தார். மற்றவர் நேராக முற்றத்துப் பயிற்சிக்குப் போனார், அங்கே நன்றாகவே செய்தார். மேற்பார்வையாளருக்கு அரை மணி நேரத் தரை வேலையில் மனக்குறை இருந்தது, ஆள் பற்றாக்குறை என்றார். மேலாளர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் நாள் வெளியே போனவரைப் பயிற்சிக்கு அழைக்கவில்லை. மூட்டைக் காட்சியைக் கணினித் திரையில் மட்டும் பயிற்றுநருடன் பார்த்தார். மூட்டை விழும்போது ஒலிக்கும் சத்தம் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டோம்.

ஐந்து நிமிட வடிவத்தை நிறுவனம் புதிதாக வருபவர்களுக்குத் தொடர்ந்து பயன்படுத்துகிறது.

அடுத்த முறை மாற்றுவது

காட்சியின் கதையை எழுதுமுன்பே ஊழியர்களோடு உட்கார வேண்டும். அதுவும் அவர்களுடைய ஒரே ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் விடுதிக்குப் போய் அல்ல, சம்பளம் கிடைக்கும் வேலை நேரத்தில். அந்த நேரத்துக்கான செலவு வடிவமைப்பு ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும்.

வங்காள மொழி வடிவத்துக்கு எங்கள் தமிழ்க் குரலை மொழிபெயர்த்துப் படிக்க விடப் போவதில்லை. சாரத்தில் வேலை செய்த ஒரு வங்காளதேசப் பயிற்றுநரைத் தேடுகிறோம். அவருக்குக் காட்சியை மாற்றும் அதிகாரமும் இருக்கும்.

நிஜ அறை தெரிய, அதன் மேல் விளிம்பை மட்டும் வரைந்து காட்டும் கலப்பு முறையை அடுத்து முயற்சி செய்ய இருக்கிறோம். குவெஸ்ட் 3 போன்ற கருவிகள் வண்ணத்திலேயே வெளியுலகைக் காட்டுகின்றன. தன் கையையும், பெல்ட்டையும், நிஜ ஹூக்கையும் பார்த்துக்கொண்டே மாட்டலாம் என்பதால் கை வேலையையும் அதில் சேர்க்க வாய்ப்பு உண்டு. முற்றத்தில் செய்ய முடியாது. நேர் வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்தால் சில நொடிகளிலேயே உள்திரை கருகிவிடும். கூரை போட்ட இடம் ஒன்று ஒதுக்கித் தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். நிஜச் சாரத்தை அங்கே மாற்றியதும் முதல் சோதனையைப் பயிற்றுநர் நடத்துவார், நாங்கள் வெளியே இருப்போம்.